செட்டிங் மாற்றியும் மாறவில்லையா? பில்லிங் மென்பொருளுக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை, கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம், மாட்டுத்தாவணியில் பூக்கடை என்று எங்கே பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்தாலும் ஒரு புகார் திரும்பத் திரும்ப வரும். "தம்பி, எழுத்தைப் பெருசு பண்ணி வச்சேன், பில்லுல அப்படியேதான் வருது." பயனர் தன் விருப்பத்தை மாற்றுகிறார், மென்பொருளில் ஏதோ ஒரு பகுதிக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. கடைகளில் ஓடும் மென்பொருளைப் பராமரிக்கும் இளைய புரோகிராமர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் சி ஷார்ப்பில் எழுதிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் மென்பொருளைச் சேர்ந்தவை. முதலாளி கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஆப்புக்குத் தனியே ஒரு பகுதி உண்டு.

கடைக்குக் கிளம்பும் முன் போனிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த கம்ப்யூட்டரில் மாற்றினீர்கள்? மென்பொருளை மூடித் திறந்தால் புது மதிப்பு வருகிறதா? பக்கத்து கவுன்டரில் எப்படி இருக்கிறது? எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது பெரும்பாலும் இந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி 1: மூடித் திறந்தால்தான் மாறுகிறது

அதிகம் வருவது இதுதான். மதிப்பு சரியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு ஆப்ஜெக்ட் பழைய மதிப்பின் நகலைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நகல் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் அந்த செட்டிங்கின் பெயரைப் புராஜெக்ட் முழுக்கத் தேடுங்கள். அதைப் படிக்கும் ஒவ்வொரு இடத்திலும், எப்போது படிக்கப்படுகிறது என்று பாருங்கள். கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) படித்து ஒரு பிரைவேட் வேரியபிளில் வைத்திருந்தால் அதுதான் நகல். ஸ்டாட்டிக் வேரியபிளில் வைத்திருந்தால் இன்னும் மோசம், மென்பொருள் மூடும் வரை அது மாறாது.

இந்த இடத்தில் பலரும் உடனே ஈவென்ட் (மதிப்பு மாறியதும் வரும் அறிவிப்பு) எழுதப் போய்விடுகிறார்கள். பொறுங்கள். பேப்பர் அகலம், பில்லின் அடியில் வரும் நன்றி வாசகம், எத்தனை பிரதி என்பவையெல்லாம் பிரின்ட் பட்டனை அழுத்தும் நொடியில் மட்டும் தேவைப்படுகிறவை. வேரியபிளை எடுத்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் செட்டிங்கையே படித்தால் வேலை முடிந்தது. ஈவென்ட்டும், அதைக் கேட்டு நடக்கும் லிசனரும் வேண்டாம். ஏற்கெனவே திரையில் வரைந்துவிட்ட விஷயங்களுக்குத்தான் ஈவென்ட் தேவை: எழுத்தளவு, நிறம், பட்டியலில் எந்த நெடுவரிசை தெரிய வேண்டும் என்பது போன்றவை. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால், எழுத நினைத்த லிசனர்களில் பாதிக்கு அவசியமே இருக்காது.

நகல் முதல் பார்வைக்குச் சிக்காமல் உள்ளே போய் ஒளிந்திருப்பதும் உண்டு. பில் ஃபார்ம் பேப்பர் அகலத்தைப் படித்து பிரின்டர் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கும். அது வரிகளை அமைக்கும் கிளாஸுக்குக் கொடுக்கும். கடைசிக் கிளாஸில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்பதே அதற்குத் தெரியாது. எண்ணைக் கையளிப்பதற்குப் பதில் செட்டிங் ஆப்ஜெக்டையே கையளியுங்கள். அதற்கும் மேலாக, கடையின் விருப்பங்களுக்கென்று நீங்களே ஒரு கிளாஸ் எழுதி, படிப்பதும் எழுதுவதும் அதன் வழியாகவே நடக்கும்படி செய்யுங்கள். எந்த ஃபார்மிலிருந்தும் டீஃபால்ட் செட்டிங்ஸை நேராகத் தொடுவது எழுதும்போது சுலபம்தான். ஆனால் பிறகு யார் எப்போது மாற்றினார்கள் என்று பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்திப் பார்க்க ஓர் இடம் கிடைக்காது. தனிக் கிளாஸ் இருந்தால் அந்த ஓர் இடத்தில் வைத்தால் போதும்.

கிளை: ஒரு படி பின்தங்கி மாறுகிறது. எழுத்தளவை 12லிருந்து 14 ஆக்கினால் எதுவும் நடக்காது. 16 ஆக்கினால் 14 வரும். இப்படி ஒரு புகார் வந்தால் நிரலைத் திறக்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடலாம்: தவறான ஈவென்ட்டில் சேர்ந்திருக்கிறீர்கள். டாட்நெட் செட்டிங்ஸ் கிளாஸில் செட்டிங்சேஞ்சிங் என்று ஒன்று, பிராப்பர்ட்டிசேஞ்ச்டு என்று ஒன்று உண்டு. முதலாவது மதிப்பு மாறுவதற்கு முன்பே வரும். அந்த மாற்றத்தை வேண்டாம் என்று தடுக்கும் வாய்ப்புக்காகவே அது இருக்கிறது. அதற்குள் நின்று செட்டிங்கைப் படித்தால் பழைய மதிப்புதான் கிடைக்கும். இரண்டாவதற்கு மாறிவிடுங்கள்.

கிளை: எண்ணும் எழுத்தும் மாறுகின்றன, பட்டியல் மட்டும் மாறவில்லை. பில்லில் எந்தெந்த நெடுவரிசை தெரிய வேண்டும் என்பதை ஒரு லிஸ்ட்டாக வைத்திருப்பீர்கள். அந்த லிஸ்ட்டை எடுத்து அதற்குள் ஒன்றைச் சேர்த்தால், செட்டிங்குக்குப் புது மதிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை, அதனால் ஈவென்ட்டும் வராது. புதிதாக ஒரு லிஸ்ட் செய்து, அதை முழுதாக செட்டிங்குக்குக் கொடுங்கள். வெளியே கொடுக்கும் லிஸ்ட்டைப் படிக்க மட்டுமே முடிகிற வகையில் வைத்தால் இந்தத் தவறு செய்யவே வழியிருக்காது.

கிளை: மொழி மட்டும் மாறவில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால், புதிதாகத் திறக்கும் ஃபார்ம் தமிழில் வரும், ஏற்கெனவே திறந்திருப்பது ஆங்கிலத்திலேயே நிற்கும். கல்ச்சரை (மொழி, நாட்டு அமைப்பை) மாற்றுவது இனிமேல் எடுக்கப்போகும் வாசகங்களைத்தான் பாதிக்கும், லேபிளில் எழுதி முடித்ததைப் பாதிக்காது. தவிர, கல்ச்சர் என்பது த்ரெட்டுக்குத் த்ரெட் (இணையாக ஓடும் வேலைத் தொடர்) தனி. பின்னணியில் ரிப்போர்ட் தயாரிக்கும் த்ரெட் ஆங்கிலத்திலேயே இருந்தால், டாட்நெட் 4.5 முதல் இருக்கிற, புதுத் த்ரெட்டுகளுக்கான டீஃபால்ட் கல்ச்சரையும் சேர்த்து மாற்றுங்கள். திறந்திருக்கும் எல்லா ஃபார்மையும் அந்த நிமிடமே தமிழாக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஒரு கவுன்டரில் மொழியை அடிக்கடி மாற்றுவதில்லை. "அடுத்த முறை திறக்கும்போது தமிழில் வரும்" என்று ஒரு செய்தி காட்டினால் போதும். பாதி அடித்த பில்லோடு இருக்கும் ஃபார்மைக் கலைத்து மறுபடி வரைவதால் வரும் ஆபத்து பெரிது.

எப்போது மூத்தவரை அழைப்பது: செட்டிங்கைப் படிக்கும் இடங்கள் புராஜெக்ட்டில் பத்திருபது ஃபைல்களில் சிதறிக் கிடந்து, எதை மாற்றினால் எது உடையும் என்று தெரியாவிட்டால் நீங்களாகத் தொடாதீர்கள். முதலில் எழுதியவரோடு உட்கார்ந்து, ஒரே கிளாஸுக்குக் கொண்டுவரும் வேலையைத் திட்டமிடுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இதைத் தொடங்கக்கூடாது.

அறிகுறி 2: மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடுகிறது

மதிப்பு டிஸ்குக்குப் போகவில்லை, அல்லது நீங்கள் பார்க்கும் ஃபைல் வேறு, மென்பொருள் படிக்கும் ஃபைல் வேறு.

சேவ் அழைக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். விபி டாட்நெட்டில் எழுதியவர்கள் சி ஷார்ப்புக்கு வரும்போது இங்கே இடறுவது இயல்பு. விபியில் மூடும்போது தானாகச் சேமிக்கும் ஏற்பாடு இருக்கிறது, சி ஷார்ப்பில் நாம்தான் அழைக்க வேண்டும். சேவ் இருந்தாலும் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மெயின் ஃபார்ம் மூடும்போது மட்டும் சேமித்தால், கரண்ட் போனாலோ டாஸ்க் மேனேஜரில் நிறுத்தினாலோ அன்றைக்கு மாற்றியது எல்லாம் போய்விடும். செட்டிங் திரையில் சரி பட்டனை அழுத்திய உடனே சேமிப்பதே முறை.

அடுத்தது ஸ்கோப். செட்டிங்கை அப்ளிகேஷன் ஸ்கோப்பில் போட்டிருந்தால் ஓடும்போது அதை மாற்ற முடியாது. யூசர் ஸ்கோப்பில் இருக்க வேண்டும்.

இரண்டும் சரி என்றால் ஃபைலைத் தேடுங்கள். விண்டோஸ் லாகின் ஒவ்வொன்றுக்கும் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் ஃபோல்டரில், உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் மென்பொருளின் பெயரோடு நீண்ட குறியீடு ஒட்டிய ஃபோல்டர், அதற்குள் வெர்ஷன் எண், கடைசியில் யூசர் டாட் கான்ஃபிக். செட்டிங்கை மாற்றிச் சேமித்து, இந்த ஃபைலின் நேரம் மாறுகிறதா என்று பாருங்கள். இங்கே மூன்று விதமாகக் குழப்பம் வரும்.

ஒன்று, லாகின். முதலாளி காலையில் ஒரு லாகினிலும் கணக்குப்பிள்ளை மாலையில் வேறொரு லாகினிலும் நுழைந்தால் இருவருக்கும் வெவ்வேறு ஃபைல். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு என்று கொடுத்து வேறொரு கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டாலும் இதே கதைதான், மென்பொருள் அந்தக் கணக்கின் ஃபைலைப் படிக்கும்.

இரண்டு, இடம். கையொப்பமிடாத மென்பொருளில் அந்த நீண்ட குறியீடு இஎக்ஸ்இ இருக்கும் பாதையிலிருந்து கணக்கிடப்படுகிறது. யாராவது அதை டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்து அங்கிருந்து திறந்தால் புது ஃபோல்டர், புது செட்டிங். ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டிஸில் இரண்டு வெவ்வேறு பாதைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பென்டிரைவில் கொண்டுவந்து ஒட்டிய கடைகளில் இதை முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

மூன்று, வெர்ஷன். "அப்டேட் போட்டுட்டுப் போனீங்க, எல்லாம் போச்சு தம்பி" என்றால் இதுதான். புது வெர்ஷன் எண்ணுக்குப் புது ஃபோல்டர் உருவாகும். பழைய மதிப்புகளை எடுத்துவர அப்கிரேட் என்ற மெத்தடை ஒரே ஒரு முறை அழைக்க வேண்டும். ட்ரூ என்ற டீஃபால்ட்டோடு ஒரு பூலியன் செட்டிங் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் தொடங்கும்போது அது ட்ரூவாக இருந்தால் அப்கிரேட் அழைத்து, ஃபால்ஸ் ஆக்கி, சேவ் செய்யுங்கள். பழைய ஃபைல் அழியாமல் பழைய ஃபோல்டரிலேயே கிடக்கும் என்பதால் கடைக்காரரிடம் பயப்பட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அறிகுறி 3: கரண்ட் போய் வந்த பிறகு மென்பொருள் திறக்கவே இல்லை

சேமித்துக்கொண்டிருந்த நொடியில் கரண்ட் போனால் யூசர் டாட் கான்ஃபிக் பாதியில் நின்றிருக்கும், அல்லது உள்ளே வெற்று எழுத்துகளாக நிறைந்திருக்கும். செட்டிங்கை முதன்முதலில் படிக்கும் இடத்திலேயே கான்ஃபிகரேஷன் எரர்ஸ் எக்ஸெப்ஷன் வந்து மென்பொருள் நின்றுவிடும். ரீஇன்ஸ்டால் செய்தாலும் சரியாகாது, ஏனென்றால் அந்த ஃபைல் லாகின் ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது.

ஃபைலை அழிக்காதீர்கள். பெயரை மாற்றி வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் காரணம் உறுதி. பழைய ஃபைலை நோட்பேடில் திறந்து, மிஞ்சியிருக்கும் மதிப்புகளைப் பார்த்துக் கையால் போட்டுக்கொடுங்கள். நிரந்தரத் தீர்வு நிரலில் இருக்கிறது. தொடங்கும்போது இந்த எக்ஸெப்ஷனைப் பிடியுங்கள். கெட்ட ஃபைலின் பாதை அதற்குள்ளேயே, சில நேரம் உள்ளடங்கிய எக்ஸெப்ஷனில், இருக்கும். அந்த ஃபைலை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நல்ல சேவுக்குப் பிறகும் எடுத்துவைத்த காப்பியைத் திருப்பிப் போடுங்கள்.

அதே கம்ப்யூட்டரில் இது திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் வேலை அங்கே முடிந்தது. ஹார்டு டிஸ்கையும் யூபிஎஸ் பேட்டரியையும் பார்க்க ஹார்டுவேர் ஆளை வரச் சொல்லுங்கள். இன்றைக்கு செட்டிங் ஃபைல் கெட்டது என்றால் நாளைக்கு டேட்டாபேஸ் கெடலாம். அன்றே பேக்கப் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி 4: ஒரு முறை மாற்றினால் பல முறை நடக்கிறது, சாயங்காலம் ஆக ஆக மந்தமாகிறது

காலையில் நன்றாக ஓடும். கூட்டம் ஏறும் மாலை நேரத்தில் எழுத்தளவை மாற்றினால் திரை உறையும், அல்லது மூடிய ஃபார்மைத் தொட்டதாக ஆப்ஜெக்ட் டிஸ்போஸ்டு எக்ஸெப்ஷன் வரும்.

செட்டிங் ஆப்ஜெக்ட் மென்பொருள் ஓடும் வரை உயிரோடு இருக்கும். பில் ஃபார்ம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் ஈவென்ட்டில் தன்னைச் சேர்த்துக்கொள்கிறது. மூடும்போது விலக்கிக்கொள்ளாவிட்டால் செட்டிங் ஆப்ஜெக்ட் அதை விடாமல் பிடித்திருக்கும், பயன்படாத ஆப்ஜெக்ட்களை மெமரியிலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டரால் எடுக்க முடியாது. குடிபோன வீட்டுக்காரருக்கும் சேர்த்துப் பால் ஊற்றிக்கொண்டிருப்பது போல, மூடிய ஃபார்ம்களுக்கெல்லாம் செய்தி போய்க்கொண்டே இருக்கும்.

சோதனை எளிது. ஈவென்ட் ஹேண்ட்லரின் முதல் வரியில் லாக் எழுதுங்கள். மென்பொருளையும் பில் ஃபார்மையும் புதிதாகத் திறந்து செட்டிங்கை மாற்றினால் ஒரு வரி விழ வேண்டும். பிறகு பில் ஃபார்மை ஐந்து முறை திறந்து மூடி, மறுபடி ஒரு முறை திறந்து மாற்றுங்கள். அப்போதும் ஒரு வரிதான் விழ வேண்டும். ஒன்றுக்கு மேல் விழுந்தால் சந்தேகமே இல்லை.

ஃபார்ம் மூடும் இடத்தில் ஈவென்ட்டிலிருந்து விலக்குங்கள். லாம்டாவாக (பெயரில்லாத மெத்தடாக) எழுதிச் சேர்த்திருந்தால் அதே லாம்டாவை மறுபடி எழுதி விலக்க முடியாது, அது புது ஆப்ஜெக்ட். பெயருள்ள மெத்தடாக எழுதுங்கள், அல்லது ஒரு ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டைப் பாருங்கள். ஹேண்ட்லருக்குள்ளேயே அந்த செட்டிங்குக்கு மதிப்புக் கொடுக்கிறீர்களா? டாட்நெட் செட்டிங்ஸ் கிளாஸ் அதே மதிப்பைத் திரும்பக் கொடுத்தாலும் ஈவென்ட் எழுப்பும். வட்டமாகச் சுற்றி ஸ்டாக் நிரம்பி மென்பொருள் விழும். கொடுக்கும் முன் பழையதும் புதியதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். எழுத்தளவுக்கு ஸ்லைடர் வைத்திருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் டிஸ்கில் எழுதாதீர்கள், கையை எடுத்த பிறகு ஒரு முறை எழுதினால் போதும்.

அறிகுறி 5: ஒரு கவுன்டரில் மாறியது, பக்கத்து கவுன்டரில் பழையது

எழுத்தளவோ பிரின்டர் பெயரோ என்றால் இது பிழையே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும், அந்த மேசையில் இருக்கும் பிரின்டருக்கும் ஏற்றது அது. இதைக் கடைக்காரருக்குப் பொறுமையாக விளக்கினால் ஏற்றுக்கொள்வார்.

வரி விகிதமோ ரவுண்டிங்கோ கடை முகவரியோ என்றால் மிகவும் செலவு வைக்கும் பிழை இதுதான். கடைக்குச் சொந்தமான விஷயத்தை ஆளுக்குச் சொந்தமான இடத்தில் வைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. அதுவரை ஒரு உருப்படி 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்றிலிருந்து 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. இந்த எண்கள் யூசர் செட்டிங்கில் இருந்தால் ஒவ்வொரு கவுன்டரிலும், ஒவ்வொரு லாகினிலும் கையால் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஒரே சட்டைக்கு இரண்டு வரி.

இவற்றை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோங்கள். விகிதத்தோடு, அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் ஒரு நெடுவரிசையில் வையுங்கள். பழைய பில்லைத் திரும்பப் பிரின்ட் எடுத்தால் அன்றைய விகிதம்தான் வர வேண்டும். துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போதும் அதே கணக்கு வேண்டும். மற்ற கவுன்டர்களுக்கு எப்படித் தெரியும்? புது பில் தொடங்கும்போது டேட்டாபேஸில் ஒரு முறை படித்தால் போதும். பாதி பில்லில் விகிதம் மாறுவதை எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார். பூக்கடையில் மல்லிகையின் கிலோ விலையும் இதே வகைதான். காலைக்கும் மதியத்துக்கும் மாறும் விலையை செட்டிங் திரையில் வைத்திருந்தால், உடனே அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். டேபிள் அமைப்பை மாற்ற டேட்டாபேஸ் தெரிந்தவரும், எந்தப் பொருளுக்கு எந்த விகிதம், எந்தத் தேதி என்று உறுதி சொல்ல கடையின் ஆடிட்டரும் வேண்டும். ஏற்கெனவே தவறான வரியில் பில் போயிருந்தால் நிரலைத் திருத்தும் முன்பே ஆடிட்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 6: நம் மேசையில் ஒரு மாதிரி, கடையில் ஒரு மாதிரி

பின்னணித் த்ரெட்டிலிருந்து செட்டிங் மாற்றப்பட்டால் ஹேண்ட்லரும் அதே த்ரெட்டில் ஓடும். அங்கிருந்து லேபிளையோ கிரிட்டையோ தொடக்கூடாது. டீபக்கர் இணைந்திருக்கும்போது டாட்நெட் இதைக் கண்டுபிடித்து எக்ஸெப்ஷன் கொடுக்கும். கடையில் டீபக்கர் இல்லை என்பதால் அந்தச் சோதனையே நடக்காது. சில நேரம் வேலை செய்யும், சில நேரம் திரை பாதி வரையப்பட்டு நிற்கும். பிகின்இன்வோக் வழியாக ஃபார்மின் த்ரெட்டுக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள்.

தேதியை ஸ்ட்ரிங்காகச் சேமித்திருந்தால் அதையும் பாருங்கள். 03/04/2025 என்பது இந்திய அமைப்பில் ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் விட்டுவைத்த விண்டோஸில் மார்ச் 4. சேமிக்கும்போதும் படிக்கும்போதும் இன்வேரியன்ட் கல்ச்சர் (எந்த நாட்டையும் சாராத நிலையான அமைப்பு), திரையில் காட்டும்போது மட்டும் பயனரின் கல்ச்சர்.

அறிகுறி 7: ஆண்ட்ராய்டு ஆப்பில் கொஞ்ச நேரம் மாறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது

அறிகுறி 4க்கு நேர் எதிரானது இது. ஆண்ட்ராய்டில் செட்டிங்குகளைச் சேமிக்கும் ஷேர்டு பிரிஃபரன்சஸ் தன் லிசனர்களை வீக் ரெஃபரன்ஸாகத்தான் (அழியாமல் பிடித்துவைக்காத சுட்டலாக) வைத்திருக்கும். ரெஜிஸ்டர் செய்யும் வரியிலேயே லாம்டாவாக எழுதிவிட்டால் அதை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை, கார்பேஜ் கலெக்டர் வந்ததும் போய்விடும். எக்ஸெப்ஷனும் வராது, லாக்கும் விழாது. லிசனரை ஆக்டிவிட்டியின் ஃபீல்டில் வைத்து, ஆன்ரெஸ்யூமில் சேர்த்து, ஆன்பாஸில் விலக்குங்கள்.

சேமிக்க இரண்டு வழி உண்டு. அப்ளை மெமரியில் உடனே மாற்றி, டிஸ்கில் பிறகு எழுதும். கமிட் எழுதி முடியும் வரை காத்திருந்து, வெற்றியா தோல்வியா என்று சொல்லும். சாதாரண விருப்பங்களுக்கு அப்ளை போதும். கெட்ஸ்ட்ரிங்செட் கொடுக்கும் செட்டுக்குள் நேராக எதையும் சேர்க்காதீர்கள், காப்பி எடுத்து மாற்றுங்கள்.

அறிகுறி 8: செட்டிங் சரியாக மாறுகிறது, பேப்பரில் மட்டும் தப்பாக வருகிறது

80 மில்லிமீட்டர் என்று மாற்றியும் வலது ஓரம் வெட்டுப்பட்டால், பிரின்ட் நேரத்தில் உங்கள் கிளாஸ் படிக்கும் மதிப்பை லாக்கில் பாருங்கள். அங்கே 80 என்றே இருந்தால் நிரலை விட்டுவிட்டு, விண்டோஸில் பிரின்டர் டிரைவரின் பேப்பர் அளவைப் பாருங்கள். அது 58இல் நிற்கும். வழக்கமான எழுத்தில் 58 மில்லிமீட்டர் பேப்பரில் வரிக்கு 32 எழுத்தும், 80இல் 48 எழுத்தும் வரும். வரியை எண்ணினாலே எந்த அளவில் அடிக்கிறது என்று தெரியும்.

மொழியைத் தமிழாக்கியதும் பில்லில் கேள்விக்குறிகளாக விழுந்தாலும் செட்டிங்கைக் குறை சொல்ல முடியாது. பல தெர்மல் பிரின்டர்களுக்குள் தமிழ் எழுத்து இருக்காது. வெறும் டெக்ஸ்ட்டாக அனுப்பாமல் டிரைவர் வழியாகப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பியும் எழுத்து மங்கலாக, நடுவில் வெள்ளைக் கோடு விழுந்து வந்தால் அது பிரின்டரின் ஹெட். ஹெட்டைத் துடைத்துப் பார்த்தும் கோடு போகவில்லை என்றால் பிரின்டர் சர்வீஸ்காரரை வரச் சொல்லுங்கள்.